வழக்கு எந்தக் கோர்ட்டில்? நிலம் யார் கையில்?



விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூர் எழுந்துவிடுகிறது. தூக்குவாளியில் சோறும், இடுப்பில் சொருகிய கத்தியுமாகப் பெண்களும் ஆண்களும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல் என்று மலைக்கு மேல் ஏலக்காடுகள். களை எடுக்கவும், கவாத்து செய்யவும், காய் பறிக்கவும் போகிறார்கள். பொழுது சாய்ந்தால் திரும்புகிறார்கள். அதே நேரத்தில் இரவு ஷிப்ட் முடிந்த மில் தொழிலாளி, பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார்.

இந்த இரண்டு பேரையும் நிறுத்திக் கேளுங்கள்: "உங்கள் வீடு நிற்கும் மண் யாருடையது? நீங்கள் பயிர் வைத்த துண்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது?" பாதிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கேஸ் நடக்கிறது."

என்ன கேஸ்? நிலம் யாருக்குப் பாத்தியம் என்ற கேஸா? அதுதான் இல்லை! எந்தக் கோர்ட்டு இதை விசாரிக்க வேண்டும் என்பதே கேஸ்!

இதற்கு வக்கீல்கள் வைத்திருக்கும் பெயர் 'அதிகார வரம்பு'. கேட்பதற்கு வெறும் சட்ட நுணுக்கம் போலத் தோன்றும். "இது படித்தவர்கள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த ஒதுங்கல்தான் நிலப்பிரபுவுக்கும் தோட்ட முதலாளிக்கும் கிடைத்த பெரிய சொத்து. ஏனென்றால், எந்தக் கோர்ட்டு என்று தீர்மானமாகும் வரை நிலம் யார் கையில் இருக்கிறதோ, அவனே விளைச்சலை எடுக்கிறான். பத்து வருஷம் விளைச்சல் எடுத்தவன் பதினோராம் வருஷம் தோற்றால் என்ன? தோற்கும்போது அவன் பணக்காரன். ஜெயிக்கும்போது நம் ஆள் கடன்காரன்!

நாலு வாசல், நாலும் பூட்டு

மலையடிவாரத்துக் கூலி விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். எந்த ஊரிலும் அவர் இருக்கிறார். தகப்பனார் காலத்தில் முள்ளும் கல்லுமாகக் கிடந்த முக்கால் ஏக்கரைத் திருத்தி மாவும் இலவமும் வைத்தார். ஒரு நாள் காலையில் ஒரு கார் வந்து நிற்கிறது. இறங்கியவர் கையில் ஒரு கிரயப் பத்திரம். மறுவாரம் கம்பி வேலி.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். "இது சிவில் விவகாரம், எங்களுக்கு அதிகாரமில்லை" என்கிறார்கள். முன்சீப் கோர்ட்டில் பிராது போடுகிறார். எதிராளியின் வக்கீல் எழுந்து, "இது குத்தகை விவகாரம், சிவில் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை" என்கிறார். மூன்று வருஷம் கழித்துப் பிராது திரும்பி வருகிறது. உத்தமபாளையம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகிறார். "பாத்தியதையே தகராறாக இருக்கிறது, சிவில் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி வா" என்கிறார்கள். இதற்கிடையில் வன இலாகா நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகிறது: "இது காடு, நீ ஆக்கிரமிப்பாளன்!"

நாலு வாசலையும் தட்டியாயிற்று. எவரும் "உனக்கு நிலமில்லை" என்று சொல்லவில்லை. "இங்கே வராதே" என்று மட்டும் சொன்னார்கள். வேலிக்குள் மாங்காய் யாருக்குக் காய்த்தது? பத்திரம் கொண்டுவந்தவருக்கு!

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

சட்டம் ஊமையல்ல. அது பேசுவதை நம்மிடம் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். ஆகவே நாமே சொல்லிக்கொள்வோம்.

சிவில் நடைமுறைச் சட்டம் 1908-இல் வந்தது. அதன் 9ஆம் பிரிவு, வேறு சட்டம் தடுக்காத எந்தச் சிவில் தகராறையும் சிவில் கோர்ட்டு விசாரிக்கலாம் என்கிறது. 16ஆம் பிரிவின்படி, நிலத் தகராறு அந்த நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டில் நடக்க வேண்டும். பாத்தியதை யாருக்கு என்று முடிவாகச் சொல்லும் அதிகாரம் பொதுவாகச் சிவில் கோர்ட்டுக்கே உண்டு.

உங்களைப் பலவந்தமாக வெளியேற்றினால்? 1963ஆம் ஆண்டுத் தனிப் பரிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டால், "பாத்தியதை யாருக்கு?" என்ற கேள்வியே எழாது. அனுபோகத்தில் இருந்தவரைச் சட்டத்தை மீறி வெளியேற்றினார்களா என்பது ஒன்றே விசாரணை. வெளியேற்றியது சர்க்காராக இருந்தால் மட்டும் இந்தப் பிரிவு உதவாது.

அடிதடி மூளும் நிலை வந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டத்தின் 164ஆம் பிரிவு (முன்பு 145) இருக்கிறது. நிர்வாக மாஜிஸ்ட்ரேட், அதாவது ரெவின்யூ அதிகாரியே, யார் அனுபோகத்தில் இருந்தார் என்று விசாரித்து அவர் அனுபோகத்தைக் காப்பாற்றலாம். போலீஸ் அறிக்கைக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் முறைகேடாக வெளியேற்றப்பட்டவரை, அனுபோகத்தில் இருந்தவராகவே கருதலாம். ஆக, "எங்களுக்கு அதிகாரமில்லை" என்று போலீஸ் சொல்லி அனுப்புவது முழு உண்மையல்ல. அவர்கள் ஓர் அறிக்கை அனுப்பினால் போதும், விசாரணை தொடங்கும்!

குத்தகை விவசாயியாக இருந்தால் 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அங்கே ரெவின்யூ அதிகாரிக்கே அதிகாரம். பண்ணை நிலத்தில் குடிசை போட்டு வாழும் விவசாயத் தொழிலாளிக்கு 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் உண்டு. தலைமுறையாகக் காட்டில் வாழும் பளியர், முதுவர் போன்ற ஆதிவாசிகளுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அங்கே முதல் வாசல் கோர்ட்டு அல்ல, கிராம சபை! கோரிக்கையைச் சரிபார்த்து முடிக்கும் வரை வெளியேற்றக் கூடாது என்று அதன் 4(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

இத்தனை வாசல்கள் இருப்பது குற்றமல்ல. எது நம் வாசல் என்று ஏழைக்குச் சொல்லாமல் இருப்பதும், தவறான வாசலில் நின்றதற்காக அவன் நிலத்தைப் பறிப்பதுமே குற்றம்.

கம்பெனிக்குக் கேடயம், குடிசைக்குப் புல்டோசர்

"சட்டத்தின் முன் எல்லோரும் சமம்" என்று மேடையில் பேசுகிறார்கள். பேஷ்! இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கேரளத்தில் ஹாரிசன் மலையாளம் என்ற தோட்டக் கம்பெனியின் கையில் இருந்த சுமார் 38,000 ஏக்கர் சர்க்காருக்குச் சொந்தமானது என்று சொல்லி, சர்க்கார் நியமித்த தனி அதிகாரி 1957ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதை எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2018 ஏப்ரலில் ஹைகோர்ட்டு சொன்னது என்ன? பாத்தியதைத் தகராறை முடிவு செய்ய அந்த அதிகாரிக்கு அதிகாரமில்லை. சர்க்கார் வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும்! சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்துவிட்டது. சர்க்கார் சிவில் வழக்குத் தொடுக்கும் வழிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தோட்டம் கம்பெனியிடமே இருந்தது.

இப்போது மலையை விட்டு இறங்குவோம். போடி வட்டாரத்தில் ஓடைக்கரையிலோ புறம்போக்கிலோ முப்பது வருஷமாகக் குடியிருக்கும் ஒரு சக்கிலியக் குடும்பத்துக்கோ பள்ளக் குடும்பத்துக்கோ நோட்டீஸ் வருகிறது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். 7ஆம் பிரிவில் நோட்டீஸ், 6ஆம் பிரிவில் வெளியேற்ற உத்தரவு. நோட்டீஸ் கொடுப்பவரும் அதிகாரி, விசாரிப்பவரும் அதிகாரி, தீர்ப்புச் சொல்பவரும் அதிகாரி, அப்பீல் கேட்பவரும் அவருக்கு மேலுள்ள அதிகாரி! "பாத்தியதைத் தகராறு இருக்கிறது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று இங்கே எவராவது சர்க்காருக்குச் சொன்னார்களா? புல்டோசர்தான் வந்தது.

அந்த விதி கம்பெனிக்கு மட்டும் எழுதியதா? அல்லவே அல்ல! சென்னை மாகாணத்தின் இதே 1905ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஆந்திரத்திலும் நடப்பில் இருந்தது. அதன் கீழ் எழுந்த தும்மல கிருஷ்ணராவ் வழக்கில் 1982-இலேயே சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது: நேர்மையான பாத்தியதைத் தகராறு இருக்கும் இடத்தில் சர்க்கார் இந்தச் சுருக்க விசாரணையால் ஒருவரை வெளியேற்ற முடியாது, சிவில் கோர்ட்டில் தன் பாத்தியதையை நிரூபிக்க வேண்டும்.

தீர்ப்பு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதைக் கம்பெனி வக்கீல்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். குடிசைக்கு வரும் நோட்டீஸில் அதைப் பற்றி ஒரு வரி உண்டா? கிடையாது. சட்டம் ஒன்றுதான், அதை எடுத்து வீசும் கை யாருடையது என்பதில்தான் வர்க்கம் இருக்கிறது!

ஜமீன் போயிற்று, தகராறு போகவில்லை

போடி மக்களுக்கு இது புதிய பாடமல்ல. போடிநாயக்கனூர் ஒரு ஜமீன். 1948ஆம் ஆண்டின் 26ஆம் நம்பர் சட்டம் ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்தது. பட்டா யாருக்கு என்று பார்க்கச் செட்டில்மெண்ட் அதிகாரி வந்தார். அவருக்கு மேல் தீர்ப்பாயம் வந்தது. உழுதவனுக்குப் பட்டா எழுதி, விஷயத்தை அத்தோடு முடித்திருக்க வேண்டும்.

முடிந்ததா? செட்டில்மெண்ட் அதிகாரி சொன்னதே கடைசி வார்த்தையா, சிவில் கோர்ட்டு அதற்குமேல் பாத்தியதையை விசாரிக்கலாமா என்று வழக்குமேல் வழக்கு. 1985-இல், ராமலிங்க சாமிகள் மடம் வழக்கில், சிவில் கோர்ட்டு விசாரிக்கலாம் என்றது சுப்ரீம் கோர்ட்டு. 1991-இல் ஆந்திரத்து வட்டிச்செருக்கூர் கிராமப் பஞ்சாயத்து வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட்டு மறுபக்கம் சாய்ந்து, தனிச் சட்டம் ஏற்படுத்திய அதிகாரிகளுக்கே அதிகாரம் என்றது.

எண்ணிப் பாருங்கள்! ஜமீனை ஒழித்தது 1948. எந்தக் கோர்ட்டு என்ற தர்க்கம் 1991-இலும் நடந்தது. நாற்பத்து மூன்று வருஷம்! பட்டாவுக்கு மனுப் போட்ட பாட்டன் போய்ச் சேர்ந்தார், வாய்தாவுக்கு அலைந்த மகன் கிழவனானான், பேரன் நிலத்தை விட்டுவிட்டு மில்லுக்கும் மலைக்கும் கூலிக்குப் போனான். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். வழக்கோ தலைமுறையையே தின்னும்.

மலைக்கு மேலே

ஏலமலைக் கதை இன்னும் விசித்திரமானது. திருவிதாங்கூர் ராஜ்யம் 1897 ஆகஸ்டில் ஏலமலைக் காப்புக்காட்டை அறிவித்தது. அதன் பரப்பு 15,720 ஏக்கர்தான் என்கிறது கேரள சர்க்கார். இல்லை, 2,15,720 ஏக்கர் என்கிறார்கள் வழக்குத் தொடுத்தவர்கள். முன்னால் ஒரு '2' உண்டா இல்லையா என்பதே தகராறு! அந்த ஓர் எண்ணில் இரண்டு லட்சம் ஏக்கரும், அதிலே வாழும் சிறு விவசாயிகளின் வீடும், கூலியாட்களின் பிழைப்பும் தொங்குகின்றன.

இன்னொரு வேடிக்கை: அந்த மலையில் மண் ரெவின்யூ இலாகாவின் பொறுப்பு, மேலே நிற்கும் மரம் வன இலாகாவின் பொறுப்பு. ஏலச்செடி நிழலில் வளரும் பயிர். மரக்கிளையைக் கழித்தால் வனத்துக்காரர் கேட்பார். மண்ணுக்குப் பட்டயம் கேட்டால் ரெவின்யூக்காரர், "வழக்கு டில்லியில் இருக்கிறது" என்பார்.

ஆம், வழக்கு டில்லியில்தான் இருக்கிறது. 1995-இல் தொடங்கிய கோதவர்மன் வழக்கோடு சேர்ந்து அது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்விட்டது. 2024 அக்டோபரில், ஏலமலைக் காப்புக்காட்டில் புதிதாகப் பட்டயம் கொடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை வந்தது. காட்டைக் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காடு அழிந்தால் முதலில் தண்ணீரில்லாமல் தவிப்பது அடிவாரத்து உழவன்தான். ஆனால் மலையை வெட்டி மாளிகை விடுதி கட்டியவரும், அரை ஏக்கரில் ஏலம் வைத்தவரும் ஒரே தடையின் கீழ் நிற்கிறார்கள். விடுதிக்காரர் டில்லியில் பெரிய வக்கீலை நிறுத்துவார். அரை ஏக்கர்க்காரர் எதை விற்று டில்லிக்குப் போவார்?

நம் பக்கத்துத் தவறையும் சொல்வோம்

"எல்லா வழக்கையும் ஒரே இடத்தில் விசாரித்தால் சரியாகிவிடுமே?" என்று கேட்கலாம். அதையும் பார்த்தாயிற்று. 2007-இல் மூணாற்றில் ஆக்கிரமிப்பு விடுதிகளை இடித்தார்கள். ஹைகோர்ட்டில் வழக்குகள் குவிந்தன. சில விடுதிகளின் விஷயத்தில் 2014-இல் சர்க்காருக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. இதற்கு நடுவே 2010-இல் மூணாறு சிறப்புத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. எட்டுக் கிராமங்களின் நிலத் தகராறுகள் சாதாரணக் கோர்ட்டுகளிலிருந்து இந்தத் தீர்ப்பாயத்துக்குப் போயின. நம் ஜீப்புகள் ஏறிப் போகும் சின்னக்கானலும் சாந்தன்பாறையும் அந்த எட்டில் அடக்கம்.

நோக்கம் பெரிய ஆக்கிரமிப்பாளரைப் பிடிப்பது. நடந்ததோ வேறு. சிறு விவசாயியின் தகராறும் விடுதிக்காரரின் ஆக்கிரமிப்பும் ஒரே வரிசையில் நின்றன. வரிசை நகரவில்லை. 2018-இல் அதை மூட முடிவெடுத்தார்கள். கட்டுகள் மறுபடி பழைய கோர்ட்டுகளை நோக்கிப் பயணப்பட்டன.

இந்தத் தீர்ப்பாயத்தைக் கொண்டுவந்ததும் இடதுசாரி சர்க்கார், மூட முடிவெடுத்ததும் இடதுசாரி சர்க்கார். இதைச் சொல்ல நாம் வெட்கப்படத் தேவையில்லை. சொல்லாமல் மறைத்தால்தான் வெட்கம். பாடம் என்ன? கோர்ட்டின் பெயர்ப்பலகையை மாற்றினால் போதாது. பெரியவனையும் சிறியவனையும் பிரிக்காத 'ஒரே வாசல்' கூட, பணமும் காலமும் உள்ளவனுக்கே திறக்கும்.

வழக்குக்கூடப் போட முடியாதவர்களையும் மறக்கலாகாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்து வீடுகளை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். தலைமுறைகளாகத் தேயிலை கிள்ளியவர்களுக்கு லயம்தான் வீடு; வேலை போனால் அந்த வீடும் இல்லை. நிலத்தின்மேல் எந்தப் பாத்தியதையும் இல்லாதவனுக்கு எந்தக் கோர்ட்டில் அதிகாரம்? இரண்டு மாநிலத்து மந்திரிகளும் பதில் சொல்லட்டும்!

மில் தொழிலாளிக்குத் தெரிந்த தந்திரம்

மில் தொழிலாளத் தோழர்களுக்கு இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும். வேலையிலிருந்து நீக்கிவிட்டு, தொழிலாளி லேபர் கோர்ட்டுக்குப் போனதும் முதலாளி எழுப்பும் முதல் ஆட்சேபம் என்ன? "இவன் தொழிலாளியே அல்ல, இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை!" இந்த ஓர் ஆட்சேபத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஹைகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு என்று இழுப்பார்கள். வேலை நீக்கம் நியாயமா என்ற கேள்விக்கு வருவதற்குள் தொழிலாளி ரிட்டயராகும் வயதாகிவிடும்.

1983-இல் மகேஸ்வரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி சின்னப்ப ரெட்டி இந்தத் தந்திரத்தைக் கடுமையாகக் கண்டித்தார். முதல் ஆட்சேபம் என்று தனியாகப் பிரித்து இழுக்காதீர்கள், எல்லாக் கேள்விகளையும் சேர்த்து விசாரித்து ஒரே தீர்ப்புச் சொல்லுங்கள், ஹைகோர்ட்டுகளும் நடுவழியில் நிறுத்த வேண்டாம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

மில்லுக்கு நியாயமானது வயலுக்கு நியாயமில்லையா?

"சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்பாருக்கு

சில கனவான்கள் சொல்வார்கள்: "கோர்ட்டு தாமதம் எல்லோருக்கும் பொது. பணக்காரனும் காத்திருக்கிறான்." காத்திருக்கிறான்தான், வேலிக்கு உள்ளே உட்கார்ந்து காத்திருக்கிறான்! நாம் வேலிக்கு வெளியே நின்று காத்திருக்கிறோம்.

வேறு சிலர், "இது தமிழன் – மலையாளி சண்டை, 1956-இல் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துக்குக் கொடுத்ததால் வந்த வினை" என்று தூபம் போடுகிறார்கள். மேலே நிலமுள்ள போடிக்காரர் தேவிகுளத்துக்கும் தொடுபுழைக்கும் எர்ணாகுளத்துக்கும் அலைவது உண்மை. புரியாத மொழியில் காகிதம் வருவதும் உண்மை. ஆனால் ஏலக்காட்டு முதலாளிகளில் தமிழரும் உண்டு, மலையாளிகளும் உண்டு. கூலி குறைப்பதில் இருவருக்கும் ஒரே மொழிதான்! பட்டயமில்லாத சிறு விவசாயிகளிலும் இரு மொழிக்காரரும் இருக்கிறார்கள். இவர்களை மோதவிட்டால் லாபம் யாருக்கு? மொழி உரிமையைக் கேட்போம், உரக்கவே கேட்போம். கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தம் மொழியில் சர்க்காருக்கு எழுத இடம் கொடுக்கிறது. அந்த உரிமையைப் பெற மலையாளத் தொழிலாளியும் நம்மோடு நிற்க வேண்டும், நிற்கச் செய்வோம்.

போராடியதால் கிடைத்தது

"ஏழைக்குச் சாதகமாகச் சட்டம் எப்போது வந்தது?" என்று சலிப்போடு கேட்பவர்களுக்குச் சரித்திரம் பதில் சொல்லும். கீழத் தஞ்சையில் செங்கொடி ஏந்திய விவசாயிகளும் பண்ணையாட்களும் போராடியதால்தான் 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாய்மொழிக் குத்தகைக்குச் சிவில் கோர்ட்டு பத்திரம் கேட்டது. ஆகவே அங்கிருந்து வழக்கை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. 1955-இல் மாகாணம் முழுவதற்குமாகச் சாகுபடிக் குத்தகைதாரர் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் 6-ஏ பிரிவைக் கவனியுங்கள். நிலத்துக்காரர் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, எதிர்வழக்காடுபவர் சாகுபடிக் குத்தகைதாரர் என்று தெரிந்தால், கோர்ட்டு விசாரணையை நிறுத்தி, வழக்கைத் தானே ரெவின்யூ அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் அப்படித்தான்: குத்தகைப் பாத்தியதை பற்றிய கேள்வி எழுந்தால் சிவில் கோர்ட்டு அதை நிலத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிப் பதில் வாங்க வேண்டும்.

அதாவது, கட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக அலைய வேண்டியது ஏழை அல்ல, கோர்ட்டேதான்! இது கனவல்ல, சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருப்பது. குத்தகைதாரருக்கு வாங்கிய இந்த உரிமையைப் புறம்போக்கில் குடியிருப்பவனுக்கும், மலையில் பயிர் செய்பவனுக்கும் ஏன் நீட்டக் கூடாது?

கிடைத்ததைக் காப்பதற்கும் போராட்டம் தேவை. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தும், 2008-இல் சென்னை ஹைகோர்ட்டு போட்ட இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது 2016 வரை முடங்கிக் கிடந்தது. 2019 பிப்ரவரி 13-இல், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்னது சுப்ரீம் கோர்ட்டு. நாடெங்கும் ஆதிவாசிகள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதம் 28-இல் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. பதினைந்தே நாளில்! "கோர்ட்டு விஷயத்தில் ஜனங்கள் என்ன செய்ய முடியும்?" என்று இனியும் கேட்கலாமா?

நாம் கோருவது

ஒன்று: எந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் என்றும், பாத்தியதை யாருக்கு என்றும் முடிவாகும் வரை, சிறு நிலத்தில் உழுபவரையும் குடிசையில் குடியிருப்பவரையும் வெளியேற்றக் கூடாது. கம்பெனிக்குக் கிடைத்த பாதுகாப்பு குடிசைக்கும் வேண்டும்.

இரண்டு: தவறான இடத்தில் கொடுத்த மனுவை அந்தக் கோர்ட்டோ ஆபீஸோ தானே சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும். 6-ஏ பிரிவு வழிகாட்டட்டும்.

மூன்று: அதிகார வரம்பு ஆட்சேபத்தைத் தனியே இழுக்காமல், மற்றக் கேள்விகளோடு சேர்த்து ஒரே தீர்ப்பில் முடிக்க வேண்டும்.

நான்கு: ரெவின்யூ விசாரணை போடியிலும் மலைக் கிராமத்திலும் முகாமிட்டு நடக்க வேண்டும், தமிழில் நடக்க வேண்டும், பெரியவர்களின் வாய்மொழிச் சாட்சியை, வன உரிமைச் சட்டம் ஏற்பது போல, ஏற்க வேண்டும்.

ஐந்து: ஏலமலையில் சிறு விவசாயியையும் பெரிய ஆக்கிரமிப்பாளரையும் பிரித்து அளந்து, அந்தக் கணக்கைச் சுப்ரீம் கோர்ட்டின் முன் வைக்க வேண்டும். சிறு விவசாயிக்காகச் சர்க்கார் செலவிலேயே வக்கீல் பேச வேண்டும்.

ஆறு: லயத்தில் வாழ்ந்து ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த மனை வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியது

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், கெடுவுக்குள் பதில் எழுதுங்கள். பாத்தியதைத் தகராறு இருக்கிறது என்று அந்தப் பதிலிலேயே சொல்லுங்கள். பலவந்தமாக வெளியேற்றினால் ஆறு மாதக் கெடுவை நினைவில் வையுங்கள். தவறான கோர்ட்டில் நல்ல நம்பிக்கையோடு வழக்கு நடத்திய காலத்தை 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கழித்துக் கொடுக்கிறது. "கெடு போய்விட்டது" என்று யாராவது பயமுறுத்தினால் உடனே ஏமாந்துவிடாதீர்கள். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் கொடுக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தாலுகா சட்ட உதவிக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். அது பிச்சையல்ல, உரிமை. தீர்வை ரசீது, வரி ரசீது, ரேஷன் கார்டு, பழைய நோட்டீஸ் எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். உங்களை ஆக்கிரமிப்பாளன் என்று திட்டி அனுப்பிய பழைய நோட்டீஸே, அந்தத் தேதியில் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்குச் சர்க்கார் கொடுத்த சாட்சி!

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகப் போகாதீர்கள். தனி ஆள் ஆபீஸ் வாசலில் நின்றால், "இங்கே அதிகாரமில்லை" என்பார்கள். விவசாயத் தொழிலாளியும், ஏலக்காட்டுத் தொழிலாளியும், மில் தொழிலாளியும் சங்கமாகச் சேர்ந்து நின்றால், எந்த ஆபீஸில் அதிகாரம் என்று அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்!

கோர்ட்டு எது என்று தேடும் வேலை அவர்களுடையதாகட்டும். நிலத்தை விட்டு நகராமல் நிற்கும் வேலை நம்முடையது.

உழைக்கும் மக்களே, ஒன்று திரள்வோம்!